யாருடைய சித்திரம்?

ஒரு தாய் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நீல மையில் நாலு பக்கம். ஊரும் பேரும் போட்டிருக்கிறார். அவற்றை நான் இங்கே சொல்லப் போவதில்லை. விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது. ஒரு வருஷமாக அந்தப் பெண் யாரோடும் பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாளாம். வந்து தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் மருந்து கொடுத்தார். கூடவே, வாரத்தில் இரண்டு நாள் சித்திரம் வரைகிற வகுப்பு ஒன்றுக்கு அனுப்பச் சொன்னார். பள்ளிக்கூடத்துச் சித்திர வகுப்பு அல்ல. மனம் நொந்தவர்கள் வரைவதற்கென்றே, அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்து நடத்துகிற வகுப்பு. கலைவழிச் சிகிச்சை என்கிறார்கள்.

பெண் போகிறாள். வீட்டிலும் வரைகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு வரைகிறாள். வரைந்த நோட்டை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுகிறாள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த அம்மாள் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிடலாமா என்று என் கை பரபரக்கிறது. நீங்கள் மனுஷ மனசைப் பற்றி எழுதுகிறவர். இரண்டே கேள்விகள். சித்திரம் வரைந்தால் மனசு குணமாகுமா? அந்த நோட்டை நான் பார்க்கலாமா?"

முதல் கேள்விக்குப் புத்தகங்களைப் பார்த்துப் பதில் எழுதிவிடலாம். இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நாலு நாள் அந்தக் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் போகாமலே இருந்தேன். "மனுஷ மனசைப் பற்றி எழுதுகிறவர்" என்று அவர் என்னை நம்பிச் சொன்ன வார்த்தை என்னை அத்தனை உறுத்தியது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

அட்ரியன் ஹில் என்று ஓர் ஆங்கிலேய ஓவியர். முதல் உலக யுத்தத்தில் சிப்பாயாகவும் இருந்தார். யுத்தகளத்தைச் சித்திரமாகவும் தீட்டினார். 1938-ல் அவருக்குக் காசநோய் வந்தது. க்ஷயம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்களே, அதுதான். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படாத காலம். அது 1943-ல்தான் வந்தது. அதற்கு முன் க்ஷயத்துக்கு வைத்தியம் என்றால் பெரும்பாலும் படுக்கைதான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, அசையாமல் படுத்திருத்தல். மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில். சஸெக்ஸ் பகுதியில் மிட்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இருந்த சானடோரியத்தில் ஹில்லும் அப்படித்தான் படுத்திருந்தார்.

படுத்தபடியே அவர் கைக்கு எட்டிய சாமான்களை வரைய ஆரம்பித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன இருந்ததோ, அதை. வரைய வரைய, நோயாளியின் பொழுது என்கிற அந்தப் பெரும் பாறை கொஞ்சம் நகர்வதை உணர்ந்தார். பிறகு அங்கிருந்த மற்ற நோயாளிகளுக்கும் யுத்தத்தில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கும் வரையக் கற்றுக் கொடுத்தார். அவர்களில் சிலர் வாயால் சொல்ல முடியாத பயங்களைக் காகிதத்தில் வைப்பதைப் பார்த்தார். இந்தக் காரியத்துக்குக் கலைவழிச் சிகிச்சை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1942-ல் வைத்தவர் அவரே. 1945-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

ஹில்லின் நுரையீரலைச் சித்திரம் குணப்படுத்தவில்லை. பென்சிலுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது. அப்படியானால் அவருக்குக் கிடைத்தது என்ன?

நம் இலக்கணத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று இரண்டு உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தவுடன் மனிதன் முழுக்க முழுக்கச் செயப்பாட்டுவினை ஆகிவிடுகிறான். அவன் எழுப்பப்படுகிறான், குளிப்பாட்டப்படுகிறான், மருந்து ஊட்டப்படுகிறான், பார்வையிடப்படுகிறான், அனுதாபப்படப்படுகிறான். அவனாக ஒன்றும் செய்வதில்லை. மனநோயாளியின் நிலை இன்னும் மோசம். அவன் சொல்கிற வார்த்தைகூட அவன் வார்த்தையாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அப்படிப்பட்டவன் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தால் என்ன ஆகிறது? இந்தக் கோட்டை இங்கே இழுப்பதா, அங்கே இழுப்பதா என்று அவன் தீர்மானிக்கிறான். நீலமா, பழுப்பா என்று தீர்மானிக்கிறான். காலையிலிருந்து அவனாகச் செய்த முதல் தீர்மானம் அதுவாகவே இருக்கலாம். அந்த ஒரு சாண் காகிதத்தில் அவன் திரும்பவும் செய்வினை ஆகிறான். ஹில்லுக்குக் கிடைத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 39 பேரிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுக் காகிதம் எல்லாம் கொடுத்து, 45 நிமிஷம் விருப்பப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலைச் சோதித்தார்கள். மனம் இறுகும்போது உடம்பில் கூடுகிற கார்ட்டிசால் என்ற சுரப்பு, முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. கைப்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நோய்த் தடுப்பிலும் சிகிச்சையிலும் கலைகளுக்கு இடம் உண்டு என்று எழுதியது.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பிரிட்டனில் ஸ்கிஸோஃபிரினியா என்னும் கடுமையான மனநோய் உள்ள 417 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 2012-ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சையோடு வாரந்தோறும் கூட்டாகச் சித்திரம் வரையும் சிகிச்சைக்கும் அனுப்பப்பட்டவர்கள், அனுப்பப்படாதவர்களைவிட இரண்டு வருஷம் கழித்து மேலான நிலையில் இல்லை. இன்னொரு விஷயமும் அதில் உண்டு: அனுப்பப்பட்டவர்களில் பலர் அந்த வகுப்புக்குச் சரியாக வரவே இல்லை.

வராதவர்களைப் பற்றித்தான் நான் யோசிக்கிறேன். "நீ போய் வரை" என்று உத்தரவு போட்டு அனுப்பினால், அதுவும் மாத்திரை மாதிரி செய்யப்படுகிற இன்னொரு காரியமாகிவிடுமோ என்னவோ. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. இது என் ஊகம். என்றாலும் அந்த அம்மாளின் முதல் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய நேர்மையான பதில் இதுதான்: சித்திரம் மருந்துக்குப் பதில் ஆகாது. மருந்தை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் மருந்தால் கொடுக்க முடியாத ஒன்றை அது சிலருக்குக் கொடுக்கிறது. யாருக்குக் கொடுக்கும், யாருக்குக் கொடுக்காது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனி, உறுத்துகிற கேள்வி.

இருபது வருஷத்துக்கு முன்பு, மன்னார்குடியில் என் பெரியப்பா வீட்டில் நடந்தது. பெரியப்பாவின் மூத்த மகள், எனக்கு அக்கா. என்னைவிடப் பத்து வயது பெரியவள். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவள். அவளுடைய ஏழு வயதுப் பையன் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. அழுகை மட்டும் இருந்தது. அடுப்படியில் நிற்கும்போது, வாசல் தெளிக்கும்போது, காரணம் எதுவும் இல்லாமல் கண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

நாலைந்து மாதம் கழித்து நான் போனபோது அக்கா வரைந்துகொண்டிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியப்பாவின் பழைய வரவு செலவு நோட்டு. பையன் மிச்சம் வைத்துவிட்டுப் போன வண்ணப் பென்சில்கள். அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து பாத்திரங்களை வரைவாள். சொம்பு, குவளை, அண்டா, இட்லிக் கொப்பரை, விளிம்பு நசுங்கின ஒரு பித்தளைத் தூக்கு. வேறு எதுவும் இல்லை. பக்கம் பக்கமாகப் பாத்திரங்கள்.

அப்போது என் முதல் இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்திருந்தன. நான் எழுத்தாளன் என்று எனக்கு ஒரு நினைப்பு. மத்தியானம் அக்கா தூங்கும்போது அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குள் ஒரு மின்னல். காலிப் பாத்திரங்கள்! பிள்ளையை இழந்த வயிறு! ஊருக்குத் திரும்பிய ஒரே வாரத்தில் கதை எழுதிவிட்டேன். பிள்ளை செத்த பிறகு காலிப் பாத்திரங்களை வரைந்துகொண்டேயிருக்கும் ஒரு தாய். நிரம்பாத குடங்கள். கடைசி வரியில் அவள் தன் வயிற்றையே வரைகிறாள். கதைக்கு நல்ல பேர். "மனித மனத்தின் ஆழத்தைத் தொட்டுவிட்டீர்கள்" என்று வாசகர்கள் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை ரொம்ப நாள் பத்திரமாக வைத்திருந்தேன்.

பத்திரிகை பெரியப்பா வீட்டுக்கும் போயிற்று. யாரோ அக்காவிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறார்கள்: "பார், தம்பி உன்னை வைத்தே கதை எழுதியிருக்கிறான்." அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வரைவதை நிறுத்திவிட்டாள்.

பல வருஷம் கழித்து, வேறொரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நானாகக் கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"அக்கா, அந்தப் பாத்திரமெல்லாம் வரைஞ்சியே, அப்ப உன் மனசுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி. கண்ணுக்கு முன்னால பாத்திரம் இருந்துச்சு, வரைஞ்சேன். சொம்போட கழுத்துக்கிட்ட ஒரு வளைவு வரும் பாரு, அது சரியா வரவே வராது. அதையே பாத்துக்கிட்டு இருக்கறப்ப அழுகை வராது. அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன்க்கா விட்டுட்ட?"

அக்கா கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"உன் கதையப் படிச்சப்புறம் சொம்பப் பாத்தா சொம்பாத் தெரியல."

இதற்குமேல் நான் விளக்கவேண்டிய அவசியம் இல்லை. ஒரு சொம்பின் கழுத்து வளைவில் அவள் தன் துக்கத்திலிருந்து விலகி நிற்க அரை மணி நேர இடம் கண்டுபிடித்திருந்தாள். உலகத்தில் அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். நான் அங்கே நுழைந்து, பாத்திரங்களிலெல்லாம் அவள் துக்கத்தையே ஊற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கு ஊரார் எனக்குக் கைதட்டினார்கள்.

இந்த உறுத்தலோடு படித்ததால்தானோ என்னவோ, இத்துறையின் சரித்திரத்தில் எட்வர்ட் ஆடம்ஸன் என்ற மனிதர் என் மனசில் தங்கிவிட்டார். இவரும் ஆங்கிலேய ஓவியர். 1946-ல் ஸர்ரே பகுதியில் நெதர்ன் என்ற மனநோய் ஆஸ்பத்திரியில் சித்திரக்காரராக வேலைக்கு அமர்ந்தார். அவர் முதன்முதலில் அங்கே போனது ஒரு சொற்பொழிவுக்காக. மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டுத் தலையில் கட்டுப் போட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சொற்பொழிவு முடிந்ததும் ஒருவர் வந்து அவர் கையில் ஒரு துண்டுக் கழிவறைக் காகிதத்தை வைத்தார். எரிந்த தீக்குச்சியின் கரியால் அதில் சித்திரம் வரைந்திருந்தது. பென்சில் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில், தீக்குச்சிக் கரியால்!

ஆடம்ஸனுக்கு ஆஸ்பத்திரி வைத்தியர்கள் ஒரு நிபந்தனை விதித்திருந்தார்கள்: கற்றுக்கொடுக்கக் கூடாது, இதை வரை அதை வரை என்று சொல்லக் கூடாது, படத்துக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. நோயைக் கண்டறிவதற்கு அந்தப் படங்களை அவர்கள் பயன்படுத்த நினைத்தார்கள்; சாட்சியம் கலப்படமாகிவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. வைத்தியர்கள் விஞ்ஞானத்துக்காகப் போட்ட விதி ஆடம்ஸன் கையில் ஒரு தர்மமாக மாறிவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டம், ஒரு நாற்காலி, வண்ணங்கள். அவர் அங்கே இருப்பார். அவ்வளவுதான். இப்படி 1981 வரை முப்பத்தைந்து வருஷம் இருந்தார்.

சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்பது பிறர் துக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறுதல் சொல்லத் தோன்றும், புத்தி சொல்லத் தோன்றும், காரணம் கண்டுபிடிக்கத் தோன்றும். அத்தனையும் நம்முடைய சங்கடத்தைத் தீர்த்துக்கொள்கிற வழிகளே. சித்திரம் மட்டும் குணப்படுத்துவதில்லை. வரைகிறவர் பக்கத்தில், எதையும் பிடுங்கிக்கொள்ள வராத ஒரு மனிதர் இருக்கிறார் என்பதும் சேர்ந்துதான் குணப்படுத்துகிறது.

பிடுங்கிக்கொள்வதன் எல்லை எதுவரை போகும் என்பதற்கு ஜெர்மனியில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற வைத்தியர் 1919-ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழக மனநோய் மருத்துவமனைக்கு வந்தார். கலைச் சரித்திரமும் படித்தவர். பல மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதி, நோயாளிகள் வரைந்தவை, செதுக்கியவை, தைத்தவை என்று சுமார் ஐயாயிரம் படைப்புகளைச் சேர்த்தார். 1922-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தைப் பார்த்து ஐரோப்பாவின் புதிய ஓவியர்கள் பலர் பரவசமடைந்தார்கள். அவர் நல்ல மனிதர். நோயாளிகளின் படங்களைக் கலை என்று மதித்துப் பார்த்தவர். ஆனால் வரைந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் சொந்தப் பெயர் இல்லை. புனைபெயர்கள். அவர்கள் குடும்பத்துக்கு அவமானம் வரக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் அதற்குக் காரணம்.

அந்தப் புத்தகத்தில் 'போல்' என்ற பெயரில் வருகிறவரின் நிஜப் பெயர் ஃபிரான்ஸ் கார்ல் ப்யூலர். இரும்பில் பூவேலை செய்கிற கொல்லர். 1893-ல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவர் வேலைப்பாடு வைக்கப்பட்டது. பிறகு மனநோய் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் மருத்துவமனைகளில் அடைபட்டுக் கிடந்தார். நாஜிகள் வந்தார்கள். நவீன ஓவியர்களை இழிவுபடுத்த 'சீரழிந்த கலை' என்று 1937-ல் தொடங்கி ஊர் ஊராக ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஹைடல்பர்க் சேகரிப்பிலிருந்தும் படங்களை எடுத்துக்கொண்டு போய், பைத்தியங்கள் வரைந்ததற்கும் இவர்கள் வரைந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று ஜனங்களைக் கேட்டுச் சிரிக்க வைத்தார்கள். அதோடு விடவில்லை. மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் கொல்கிற திட்டம் ஒன்றைப் போட்டு, 1940, 1941 ஆகிய இரண்டு வருஷங்களில் எழுபதாயிரம் பேருக்கு மேல் விஷவாயுவால் கொன்றார்கள். 1940-ல் கிராஃபெனெக் என்ற இடத்தில் ப்யூலரைக் கொன்றார்கள். அவருடைய படங்கள் ஹைடல்பர்க்கில் பத்திரமாக இருந்தன, இன்றும் இருக்கின்றன. 2001-ல் அவற்றுக்கென்று ஒரு மியூசியமே திறந்திருக்கிறார்கள்.

படம் பிழைத்தது, வரைந்தவர் பிழைக்கவில்லை. சேகரித்தவர் கொல்லவில்லை, கொன்றவர்கள் வேறு ஆட்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் படத்தை மனிதனிடமிருந்து பிரித்து எடுத்துவிட்டால், அதைப் போற்றவும் செய்யலாம், எள்ளி நகையாடவும் செய்யலாம். இரண்டுக்கும் அந்த மனிதன் தேவைப்படுவதில்லை. என் கதைக்கு அக்கா தேவைப்படாத மாதிரி.

இதே கொடுங்காலத்தில் இன்னொருத்தி இருந்தாள். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். வியன்னாவில் 1898-ல் பிறந்த யூதப் பெண்மணி; வைமாரில் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த ஓவியர். 1942 டிசம்பரில் அவரையும் கணவரையும் செக் நாட்டில் டெரஸின் என்ற முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு ஐம்பது கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம். அந்த ஐம்பது கிலோவில் அவர் சித்திரச் சாமான்களையும் வைத்துக் கட்டினார். முகாமிலிருந்த நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குச் சித்திர வகுப்பு நடத்தினார். ஒவ்வொரு படத்திலும் வரைந்த குழந்தையின் பெயரை எழுத வைத்தார். ஆட்களை எண்களாக்கி ரயிலேற்றிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு குழந்தை காகித மூலையில் தன் பெயரை எழுதியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போவதற்கு முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போனார். படங்கள் இப்போது பிராகா நகரின் யூத மியூசியத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் உயிரோடு திரும்பவில்லை.

"அப்படியானால் அந்தச் சித்திரங்களால் என்ன பயன்?" என்று கேட்கலாம். உயிரைக் காப்பாற்றுவதுதான் பயன் என்றால், ஒரு பயனும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அந்தக் குழந்தை முகாமில் அடைபட்ட எண் அல்ல. வண்ணத்துப்பூச்சிக்கு என்ன வண்ணம் பூசுவது என்று யோசிக்கிற குழந்தை. நாளைக்குச் சாகப்போகிறவருக்கும் இன்றைக்குத் தாகம் உண்டு. தண்ணீர் கொடுப்பது வீண் என்று யாரும் சொல்லமாட்டோம். டிக்கர்-பிராண்டைஸிடம் பிராகாவில் படித்த ஈடித் கிராமர் 1938-ல் அமெரிக்கா போய்ப் பிழைத்து, அங்கே குழந்தைகளுக்கான கலைவழிச் சிகிச்சையை வளர்த்தவர்களில் ஒருவரானார். அந்தத் தண்ணீர் அப்படியும் ஓர் ஓடையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இத்தனையும் சொன்னதனால், பிறர் வரைந்ததை யாரும் எப்போதும் பார்க்கவே கூடாது என்று நான் விதி செய்வதாக நினைத்துவிட வேண்டாம். ஆடம்ஸனே நோயாளிகளின் படங்களை வெளியார் பார்க்கும்படி 1956-ல் காட்சிக்கூடம் திறந்தார். பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பவர்களும் மனிதர்கள்தான் என்று ஊரார் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். அது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் படங்களும் நெடுங்காலம் பெயர் இல்லாமலே காட்டப்பட்டன. பெயரை மறைப்பது மரியாதையா, பெயரைச் சொல்வது மரியாதையா என்று அந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வரைந்தவரைக் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். பலர் விஷயத்தில், கேட்க வேண்டும் என்று தோன்றிய காலத்தில் கேட்பதற்கு அவர்கள் உயிரோடு இல்லை.

ஆகவே தர்மம் என்று ஒன்று இதில் இருந்தால் அது "பார்க்காதே" என்பதல்ல. "காட்டும்போது பார், காட்டியதை மட்டும் பார், பார்த்ததை உன்னுடையதாக்கிக் கொள்ளாதே" என்பதே.

"உயிருக்கே ஆபத்து என்று பயம் வந்தால்?" என்று அந்த அம்மாள் கேட்கக்கூடும். பெற்ற வயிறு, கேட்கத்தான் செய்யும். அந்தப் பயம் வந்தால் மகளிடமே வாய்விட்டுக் கேட்க வேண்டும்; அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மகள் பேசாவிட்டாலும் போகவேண்டும். திருட்டுத்தனமாக நோட்டைப் புரட்டி, அதில் கறுப்பு வண்ணம் அதிகமா சிவப்பு அதிகமா என்று பார்த்துப் பயமும் தைரியமும் கொள்வது வைத்தியமல்ல. எத்தனையோ பெயர் பெற்ற வைத்தியர்களே ஒற்றைப் படத்தை வைத்து முடிவு கட்டத் தயங்குவார்கள். கதை எழுதுகிறவன்தான் தயங்கமாட்டான். அவன் பேச்சை நம்ப வேண்டாம்.

அந்தத் தாய்க்கு நேற்று பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, மருந்து நடக்கட்டும். வகுப்பும் நடக்கட்டும். நோட்டு துணிக்கு அடியிலேயே இருக்கட்டும். உங்கள் மகளுக்கென்று இப்போது வீட்டில் இருக்கிற ஒரே தனி அறை அதுதான். கதவைத் தட்டாமல் நுழையாதீர்கள். பென்சில் தீர்ந்துபோனால் வாங்கி வையுங்கள். எதற்கு, என்ன வரைகிறாய் என்று கேட்காமல் வாங்கி வையுங்கள். ஒருநாள் அவளாகக் கொண்டுவந்து காட்டினால், அர்த்தம் கேட்காதீர்கள். 'அழகாயிருக்கிறது' என்று அவசரப்பட்டுப் பாராட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பாருங்கள். அவள் சொம்பு வரைந்திருந்தால், அது சொம்பு என்றே நினைத்துப் பாருங்கள். அவளுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியிருந்தால் அவளே சொல்வாள்."

கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது கடைவீதியில் ஒரு பெட்டி வண்ணப் பென்சில் வாங்கினேன். அக்காவுக்கு இப்போது அறுபதை நெருங்குகிற வயது. பார்சல் கட்டி மன்னார்குடிக்கு அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவள் அதைப் பேரக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம். அல்லது வேறு எதுவும் செய்யலாம். என்ன செய்தாள் என்று நான் கேட்கப் போவதில்லை.